அன்று பழுதாகாத கார்

அந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து எனக்காக வெட்கப்பட ஆட்கள் வரிசையில் நின்றார்கள். முதல் ஆளாக நின்றவள் என் தங்கச்சி. நான் அனுப்பிய படத்தைப் பார்த்தவுடனே தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணா, உங்களுக்கென்ன விசரே?"

ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு பண்ணையின் மரக் கொட்டிலுக்குள் எடுத்த படம் அது. நான்கு சில்லுகளிலும் காற்றில்லை. ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்த கூரை முழுக்கக் கோழி எச்சம். பின்பக்கம் நீண்டு, கடைசிக் கதவு மேல்நோக்கித் திறக்கும் பழைய ஸ்டேஷன் வாகன். சுவீடனில் செய்தது. உள்ளே ஆளும் படுக்கலாம், அலுமாரியும் ஏற்றலாம். துருவேறிக் கறள் பிடித்திருந்தது என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகிவிடும். கறள்தான் காராக நின்றது. குளிர்காலத்தில் இந்த நாட்டு வீதிகளில் கொட்டுகிற உப்பு, அடியில் ஒரு தகட்டையும் முழுசாக விட்டுவைக்கவில்லை. சாரதி இருக்கைக்குக் கீழே விரலால் அழுத்தினேன், விரல் வெளியே போய் நிலத்தைத் தொட்டது.

"ஓட்டையை வாங்கி அதைச் சுத்திக் கொஞ்சம் காரும் வாங்கியிருக்கிறியள்," என்றாள் தங்கச்சி. அவளுக்கு நாக்கு நீளம். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் நீளம்தான்.

எங்கள் ஆட்களுக்குப் பழைய பொருள் என்றாலே ஆகாது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள், ஆகவே இனி வாங்குவது புதிதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னார். நல்ல மனிதர். மின்சாரக் கார் வைத்திருந்தார். வெள்ளைக்காரனுக்குப் பழைய கார் பெருமை, ஏனென்றால் அவன் புதிதும் வாங்குவான் என்று ஊருக்கே தெரியும். நமக்கு அப்படியில்லை. பழைய காரில் போகிற தமிழனைப் பார்த்தால் இன்னொரு தமிழனுக்குப் பாவமாக இருக்கும், கொஞ்சம் சந்தோசமாகவும் இருக்கும். எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் வாங்கினேன். யாராவது வேண்டாம் என்று சொன்னால் அதைச் செய்யாமல் விட என்னால் முடியாது. இந்தக் குணத்தால் நான் நிறையக் கெட்டிருக்கிறேன்.

நான் பஸ் ஓட்டுகிறவன். கலியாணம் கட்டவில்லை. ட்வெய்ட்டாவில் ஒரு அடுக்குமாடியில் ஒன்றரை அறை. வேலை முடிந்து வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், அல்லது ஏதாவது சங்கத்துக் கூட்டத்துக்குப் போய்ச் சண்டை பிடிக்க வேண்டும். சண்டை அலுத்துப்போயிருந்தது. எங்கள் பகுதியில் தொழிற்கூடங்கள் இருக்கிற இடத்தில், நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த ஒரு கொட்டகையில் எனக்கும் ஒரு மூலை கிடைத்தது. அங்கே இரண்டு குளிர்காலம் நான் அந்தக் காருக்கு அடியில் கிடந்தேன்.

கறளை வெட்டும் வேலை முதலில் பயம் தரும். கம்பித் தூரிகை பூட்டிய மெஷினை வைத்தால் நல்லதாகத் தெரிந்த தகடும் உதிர்ந்துபோகும். ஒரு சாண் வெட்டுவோம் என்று தொடங்குவேன், ஒரு முழத்தில் போய் நிற்கும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டத்தான் வேண்டும். கறளுக்கு மேலே ஒட்டினால் ஒட்டாது. வெல்டிங்கை ஒரு மாலை வகுப்பில் படித்தேன். முதலில் ஒட்டியதெல்லாம் வேப்பம்பிசின்போல உருண்டு நின்றது. சுரண்டி எடுத்து மறுபடி ஒட்டினேன். தரைத் தகடு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி, சில்லுகளுக்கு மேலே வளைந்த தகடு எல்லாம் புதிது. எஞ்சினை மட்டும் பெரிதாகத் தொடவில்லை. கொட்டிலில் அத்தனை காலம் கிடந்தும் அதற்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டினேன், வயர்களை மாற்றினேன், திறப்பைத் திருப்பினேன். ஒரு தும்மல் தும்மிவிட்டு ஓடத் தொடங்கியது. அதன்பிறகு அது ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஒருநாளும் இல்லை.

பரிசோதனையில் தேறி, இலக்கத் தகடு கிடைத்து, பெயின்ற் அடித்து, முதல்தடவை தங்கச்சி வீட்டுக்கு ஹொல்ம்லியாவுக்கு ஓட்டிப் போனபோது, பெற்றோல் நிலையத்தில் ஒரு கிழவர் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். சிவப்பு விளக்கில் பக்கத்து வண்டிக்காரன் கண்ணாடியை இறக்கி வருடம் கேட்டான். ஹொல்ம்லியாவில் மட்டும், தங்கச்சி பல்கனியில் நின்று சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "பின்பக்கம் கொண்டுபோய் விடுங்கோ," என்று கையைக் காட்டினாள்.

அந்தக் காருக்காக வெட்கப்படாத ஒரே ஆள் என் மருமகள். தங்கச்சியின் ஒரே பிள்ளை. கடைசிக் கதவைத் திறந்துவிட்டு, இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பெரிய வெறும் இடத்தில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போன் பார்ப்பாள். "மாமா, இது ஒரு ரூம் மாதிரி," என்பாள்.

அந்த மருமகள் பெரியபிள்ளையானாள். இங்கே எங்கள் ஆட்கள் சாமத்திய வீடு எப்படிச் செய்கிறார்கள் என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். வீட்டில் தண்ணி வார்ப்பது சின்ன விசயம். சில மாதங்கள் கழித்து, எல்லோருக்கும் வசதியான ஒரு சனிக்கிழமையில் மண்டபம் எடுத்துக் கொண்டாடுவார்களே, அதுதான் பெரிது. பிள்ளை வந்து இறங்குகிற காட்சிக்குத்தான் அதில் கூடிய மரியாதை. ஒரு பிள்ளை குதிரை வண்டியில் வந்தது. இன்னொன்று வெள்ளை நிற நீளக் காரில் வந்தது. வாசலில் மேளம், ஆலத்தித் தட்டு, பின்னுக்கு நடந்துகொண்டே படம் பிடிக்கும் வீடியோக்காரர். தங்கச்சியும் ஒரு வெள்ளைக் கார் பார்த்து வைத்திருந்தாள்.

"தாய்மாமன் நான் இஞ்சை கல்லுமாதிரி இருக்கிறன், பிள்ளை வாடகைக் காரிலை வாறதோ?" என்று நான் குதித்தேன்.

"அண்ணா, சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். என்ர உரிமை."

உரிமை என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் அதற்கு அடியில் இருந்தது வேறு. அத்தனை சனம் கூடி நிற்கிற இடத்தில், மஞ்சளாக மினுங்கிக்கொண்டு என் கார் வந்து நிற்க வேண்டும், கதவு திறக்க வேண்டும், பட்டுச்சீலையோடு பிள்ளை இறங்க வேண்டும், என்னை இரண்டு வருடமாகப் பகிடி பண்ணியவர்கள் வாயை மூட வேண்டும். இதற்காகவே நான் உயிரோடு இருப்பதுபோல அந்த மாதங்கள் போயின. கடைசியில் தங்கச்சி இறங்கி வந்தாள். "சரி. மஞ்சள் மங்களம் எண்டு சொல்லிச் சமாளிப்பம்," என்றாள். பிள்ளையிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மே மாதத்துச் சனிக்கிழமை. பிள்ளையை அலங்கரிக்கிற பெண் ரொம்மனில் இருந்தார், நகரத்தின் மறுகோடி. மண்டபம் ஹொல்ம்லியாவில். தங்கச்சியும் மச்சானும் விருந்தாளிகளை வரவேற்க முன்னதாகவே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். பிள்ளையோடு வர வேண்டியவர் மச்சானின் அக்கா. அவர் ரொம்மனில் காரைச் சுற்றிப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார். "பெற்றோல் மணம் சீலையிலை பிடிச்சிடும். நான் என்ர காரிலை முன்னுக்குப் போறன், நீங்கள் கவனமாக் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்று சொல்லிவிட்டுச் சத்தமே இல்லாமல் தன் புதுக்காரில் போய்விட்டார். அதனால் நானும் பிள்ளையும் தனியே வந்தோம்.

நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமும் தலை நிறையப் பூவுமாக அவள் பின் இருக்கையில் நேராக இருந்தாள். சாய்ந்தால் கொண்டை கலையும். பெரிய வீதியில் கார் ஒரு சீராக ஓடியது. இத்தனை நன்றாக அது ஓடியதில்லை. கண்ணாடியில் அவளைப் பார்த்து, "எப்பிடி, மாமான்ர கார்?" என்று கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். பிறகு கேட்டாள்.

"மாமா, ஹோல் வாசல்லை எல்லாரும் நிப்பினமோ?"

"ஓம், எல்லாரும்தான்."

"வெளியிலையோ?"

"வெளியிலைதான். வீடியோவும் நிக்குது."

அவள் வளையல்களை ஒவ்வொன்றாக முழங்கைப் பக்கம் தள்ளத் தொடங்கினாள்.

ஹொல்ம்லியாவில் அந்த மண்டபத்துக்கு ஏற ஒரு வட்டச்சந்தி இருக்கிறது. சந்தியிலிருந்து மண்டப வாசல் தெரியாது. மேலே பக்கத்தில் இருக்கிற விளையாட்டு மண்டபத்தின் முன்பக்கம் மட்டும் தெரியும். அன்று அங்கே ஏதோ போட்டி. விளையாட்டுப் பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் படிகளில் இருந்தார்கள். பின்னால் வளையல்கள் சலசலத்தன. கண்ணாடியில் பார்த்தேன், மருமகளைக் காணவில்லை. இருக்கையில் குனிந்து மடங்கிக் கிடந்தாள்.

"மாமா, திருப்புங்கோ. மேலை போகாதேங்கோ."

"என்ன பிள்ளை?"

"என்ர கிளாஸ் பெடியள். மாமா ப்ளீஸ், திருப்புங்கோ!"

"பாத்தால் பாக்கட்டுமே. என்ன இப்ப?"

"நான் பேர்த்டே எண்டு சொன்னனான். கிளாஸிலை ஒரு தமிழ்ப் பெடியன் அது இல்லை எண்டு சொல்லிப்போட்டான். என்னத்துக்கு இந்த பார்ட்டி எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டான்." அவள் இன்னும் கீழே குனிந்தாள். "ஃப்ளௌட், மாமா. சரியான ஃப்ளௌட்."

வெட்கக்கேடு என்பதற்கு இங்கத்தைப் பிள்ளைகள் சொல்லும் நோர்வேச் சொல் அது. ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வார்கள். அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாலும் ஃப்ளௌட், குளிர்த்தொப்பி போட்டாலும் ஃப்ளௌட். ஆனால் அன்று அவள் சொன்னது அந்த நூற்றில் ஒன்றல்ல.

நான் உடனே திருப்பவில்லை. இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. மேலேயிருந்து தவில்காரர் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. எனக்காகத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்தேன். அந்த வாசல், அந்தச் சனம், திறக்கப்போகிற அந்தக் கதவு எல்லாம் ஒரு வளைவுக்கு அப்பால் இருந்தன. மேலே ஏறும் வழியை விட்டுவிட்டு வட்டத்தை ஒருமுறை முழுக்கச் சுற்றினேன். பிள்ளைக்காகச் சுற்றவில்லை. அவளை எப்படிச் சம்மதிக்க வைக்கலாம் என்று யோசிக்கத்தான் சுற்றினேன். இரண்டாவது சுற்றில், இருக்கைகளுக்கு நடுவால் அவள் கை வந்து என் சட்டையின் நுனியைப் பிடித்தது. மருதாணி போட்ட கை. நான் கீழே இறங்கும் வழியில் காரை விட்டேன்.

கடற்கரைப் பக்கமாகப் போய், மரங்களுக்குக் கீழே நிறுத்தினேன். மண்டபத்திலிருந்து தூரமில்லை, ஆனால் எங்கள் ஆட்கள் அந்த நேரத்தில் வராத இடம். பிள்ளை நிமிர்ந்து இருந்தாள். கண்மை கன்னத்தில் இறங்கியிருந்தது.

"வேண்டாமெண்டால் அம்மாட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"அம்மா எவ்வளவு ஆசையா இருந்தவ. அவக்காகத்தான் ஓமெண்டனான்." கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "உள்ளை என்னவும் செய்யட்டும், மாமா. மேடையிலை நான் இருப்பன். வாசல்லை மட்டும் ஏலாது. அம்மாக்குச் சொல்லாதேங்கோ. தெரிஞ்சால் அவ அழுவா," என்றாள்.

அவள் கேட்டது அவ்வளவுதான். அந்தப் பெடியள் உள்ளே போகும்வரை கொஞ்ச நேரம். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஐயர் குறித்துக் கொடுத்த நல்ல நேரம் இருந்தது. தாய்க்குக் காரணம் சொல்ல வேண்டும். என்ன காரணம் சொல்வது என்று நான் யோசிக்கவே தேவையில்லை. நான் அதற்குள்தான் இருந்தேன்.

எஞ்சின் சத்தம் போனில் கேட்கக் கூடாது. திறப்பைத் திருப்பி அதை அணைத்தேன். பிறகு தங்கச்சியை அழைத்தேன்.

"கார் நிண்டிட்டுது," என்றேன்.

இரண்டு குளிர்காலம் மல்லாந்து கிடந்து, கண்ணுக்குள் கறள் தூள் விழுந்து, விரலைச் சுட்டு நான் எழுப்பிய கார். என் வாயாலேயே அதைப் பழுது என்று சொன்னேன். மறுபக்கத்தில் அவள், "எனக்குத் தெரியும்," என்றாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மச்சான் போனை வாங்கினார். "எங்கை நிக்கிறியள்? நான் இப்ப வாறன்."

"பெரிய றோட்டுக் கரையிலை. இதிலை வந்து நிப்பாட்ட ஏலாது, மச்சான். இந்தா, கொஞ்ச நேரத்திலை ஸ்டார்ட் வந்திடும்."

"பிள்ளையை ஒரு டாக்சியிலை ஏத்தி விடுங்கோ."

"இந்தா வருது, வருது," என்று சொல்லிப் போனை வைத்தேன். அதற்குப் பிறகு போன் அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவையும் வருது என்றேன். இதற்கிடையில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த ஒரு நோர்வேப் பெண் காரைப் பார்த்து நின்றார். எவ்வளவு அழகான கார், நன்றாக ஓடுமா என்று கேட்டார். மிக நன்றாக ஓடும் என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அது. அவருக்குத்தான் சொல்லக் கிடைத்தது.

நல்ல நேரம் போனபிறகு திரும்பினோம். சந்திக்கு வரும்போது பார்த்தால், அந்தப் பெடியள் இன்னும் படிகளில்தான் இருந்தார்கள். மருமகள் அதற்கு முதலே இருக்கைக்கு மேலால் ஏறிப் பின்பக்கத்து வெறும் இடத்துக்குள் இறங்கியிருந்தாள். சாமான்களுக்குப் போர்த்தும் சாம்பல் கம்பளத்தை இழுத்துப் பட்டுச்சீலை, ஒட்டியாணம், பூ எல்லாவற்றுக்கும் மேலே போட்டுக்கொண்டு படுத்தாள். படிகளுக்கு முன்னால் மெதுவாக ஓட்டிப் போனேன். ஒருவன் காரைப் பார்த்துக் கையசைத்தான். நானும் அசைத்தேன். மண்டப வாசலில் இப்போது யாரும் இல்லை. மேளகாரர் உள்ளே போயிருந்தார்கள். நேரே பின்புறம் போய்ச் சமையலறைக் கதவுக்கு முதுகைக் கொடுத்து நிறுத்தினேன். கடைசிக் கதவைத் திறந்துவிட்டேன். சாப்பாட்டுத் தட்டங்கள் இறக்குகிற இடத்தில் என் மருமகள் இறங்கினாள்.

இறங்கியவளை உள்ளே அனுப்பிவிட்டு நான் இன்னொரு வேலை செய்தேன். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். கார் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டால் யாராவது ஒருவர் திறப்பை வாங்கித் திருப்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போகமாட்டார்கள். திருப்பினால் அது முதல் திருப்பிலேயே ஓடும். ஓடினால், பிறகு ஏன் பிந்தினது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி பிள்ளையிடம் போய் நிற்கும். முன்மூடியைத் திறந்து, எஞ்சினுக்கு மின்சாரம் கொடுக்கிற தடித்த வயரைப் பிடுங்கினேன். கைலேஞ்சியில் சுற்றி வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டேன்.

சமையலறைக்குள் தங்கச்சி நின்றாள். பிள்ளையின் முகத்தை யாரோ துடைத்துப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி என்னைப் பார்த்து மெல்லத்தான் சொன்னாள்.

"நேரம் போயிட்டுது, அண்ணா. பிள்ளை குசினியாலை வந்திருக்குது. ஒரு படம் இல்லை, ஒரு ஆலத்தி இல்லை. இந்தக் கறள் காருக்காண்டி என்ர பிள்ளையின்ர நாளைப் பழுதாக்கிப்போட்டியள்."

"ஓம்," என்றேன்.

ஐயர் வேறொரு நேரம் பார்த்துச் சொன்னார். நடந்தது. தாய்மாமன் செய்ய வேண்டியதை நானும் செய்தேன். அந்த மண்டபத்தில் நான் தட்டோடு நடந்து போன தூரம் என் வாழ்க்கையில் மிக நீளமானது. "வாகனம் இளைப்பாறிட்டுதோ?" என்று ஒருவர். "மாடு பிடிச்சுக் கட்டியிருக்கலாம்," என்று இன்னொருவர். மச்சானின் அக்கா மேசை மேசையாகப் போய், தான் ரொம்மனிலேயே சொன்னதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் சிரித்தேன். நான் பிழையேதும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். காரும் செய்யவில்லை. தெரிந்து என்ன? முகம் எரிந்தது, காது எரிந்தது. வெட்கத்துக்கு உண்மை பொய் தெரியாது என்று அன்றுதான் கண்டேன்.

அதைவிட ஒன்று இருக்கிறது, எழுதக் கூசுகிறது. மேடையில் இருந்த அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபம் வந்தது. அவள் சிரித்தபடி படத்துக்கு இருந்தாள். தோழிகளோடு காதுக்குள் ஏதோ கதைத்தாள். இவளுக்காக நான் என் மானத்தை விற்றுப்போட்டு நிற்கிறேன், இவள் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை. அவள் என் பக்கம் பார்த்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் சிரிப்பு நின்றதைக் கடைக்கண்ணால் கண்டேன். கண்டும் திரும்பவில்லை.

சாப்பாடு முடிகிற நேரம் சமையல்காரர் வந்து, தன்னுடைய வான் பாத்திரம் ஏற்றச் சமையலறைக் கதவுக்கு வர வேண்டும், காரை எடுங்கள் என்றார். நான் நினைத்ததுபோலவே வேட்டிகள் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தன. மச்சான் திறப்பை வாங்கித் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, சுற்றியது, பிடிக்கவில்லை. பற்றரி என்றார் ஒருவர். பெற்றோலில் தண்ணி என்றார் இன்னொருவர். மின்சாரக் கார் வைத்திருக்கிற அந்த நல்ல மனிதர் முன்மூடிக்குள் தலையை விட்டு நிறைய நேரம் பார்த்துவிட்டு, "வயது போனால் இப்பிடித்தான்," என்றார். வயர் இல்லாத இடம் அவர் கண்ணுக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. யாருக்கும் தெரியவில்லை. என் இடுப்பில் அது குத்திக்கொண்டிருந்தது.

"தள்ளுவம்," என்றார் மச்சான். "முன்பக்கம் கொண்டுபோய் றோட்டுக்கரையிலை விடுவம்."

நான் சாரதி இருக்கையில் ஏறினேன். வேட்டிகளை மடித்துக் கட்டிக்கொண்டு ஆறேழு பேர் பின்னால் நின்று தள்ளினார்கள். கட்டிடத்தைச் சுற்றி முன்பக்கம் வரும்வரை கார் உருண்டது. வாசலுக்கு முன்னால் ஒரு சின்ன ஏற்றம். அதில் வந்து நின்றுவிட்டது, பின்னுக்கு உருளாமல் பிறேக்கை மிதித்துப் பிடித்தேன். எஞ்சின் ஓடாத காருக்குப் பாரம் கூட. சனம் வாசலுக்கு வந்து பார்த்தது. வீடியோக்காரரும் வந்தார். காலையில் எடுக்க வேண்டியதை இப்போது எடுத்தார். மஞ்சள் கார், பூச்சரம், வேட்டி கட்டிய ஆட்கள், உள்ளே நான். விளையாட்டு மண்டபத்துக் கதவு திறந்தது. போட்டி முடிந்து, பைகளோடு அந்தப் பெடியள் வெளியே வந்தார்கள். கண்ட காட்சியில் அப்படியே நின்றார்கள். ஒருவன் போனை உயர்த்தினான்.

அப்போது வாசலில் தங்கச்சி கத்துவது கேட்டது.

"பிள்ளை, எங்கை போறாய்? சீலை! பிள்ளை, உள்ளை வா!"

கண்ணாடியில் பார்த்தேன். காரின் நீளம் முழுவதையும் தாண்டி, கடைசிக் கண்ணாடிக்கு அப்பால், ஆட்களின் தோள்கள் தெரிந்தன. அந்தத் தோள்கள் விலகின. நெற்றிச்சுட்டியும் பூவும் ஒட்டியாணமுமாக, காலையில் யார் கண்ணில் படக் கூடாது என்று கம்பளத்துக்குள் கிடந்தாளோ அவர்கள் எல்லோருக்கும் முன்னால், வீடியோவுக்கும் முன்னால், என் மருமகள் வந்து நின்றாள். சீலையை ஒரு கையால் தூக்கி இடுப்பில் செருகினாள். பிறகு இரண்டு கைகளையும் காரில் வைத்தாள். வளையல்கள் தகரத்தில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

"மாமா, பிறேக்கை விடுங்கோ!"

விட்டேன். அவள் தள்ளினாள், மற்றவர்களும் தள்ளினார்கள். கார் அசைந்து ஏற்றத்தில் ஏறத் தொடங்கியது. பெடியள் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தள்ளிக்கொண்டே, கண்ணாடிக்குள் என் கண்ணைத் தேடினாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்து அவளைப் பார்க்க எனக்கு முகம் இருக்கவில்லை.